நாறாத மருந்து

1

அன்று அங்கே இருந்தவர்கள்:

அண்ணன். பழக் கிடங்கின் முதலாளி. குரல் பெரியது. அதை நம்பியே தொழில் நடத்துகிறவர்.

தங்கை. வேதியியல் படித்தவள். கிடங்கில் அவளை 'கெமிஸ்ட்டு' என்பார்கள். பாதி மரியாதை, பாதி நக்கல்.

அண்ணி. கண்ணாடி அறைக்குள், போனும் கையுமாக.

சந்தேகம். பெட்டி அடுக்கும் பெண்களின் தலைவி. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது என்ன என்பதில் அவளுக்கே சந்தேகம் உண்டு.

ரேடியோ. சந்தேகத்துக்குப் பக்கத்தில் நிற்பவள். காதில் விழுந்ததைத் தானே வைத்துக்கொள்ளும் கெட்ட பழக்கம் இல்லாதவள்.

லாரிக்காரர். வண்டி நிழலில், வண்டிக்குச் சரக்கு வருமா வராதா என்று பார்த்துக்கொண்டு.

பேரிக்காய்கள். ஒரு குளிர் அறை நிறைய. பழுத்து ஒழுகினாலும் காய் என்றே கூப்பிடப்படும் பாவப்பட்ட இனம்.

நான் அங்கே இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் சட்டையைப் பிடிக்கக் கூடாது. இரவு வேலையை விட்டபின், பகலில் விழிப்பது எப்படி என்பது மறந்துபோய் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். எதிர் பெஞ்சில் ஒரு லாரிக்காரர். அவர் யாரிடமோ சொன்னார்: "மருந்துன்னா நாறணும்பா. நாறாத மருந்தை எவன் நம்புவான்?"

அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. மீதியெல்லாம் இட்டுக்கட்டியது. அந்த வாக்கியத்தையும் அவரிடமிருந்து பிடுங்கி அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். லாரிக்காரர் கதையில் சும்மா நிற்பதற்கு அதுதான் காரணம்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

'கிடங்கின் தகரக் கூரைமேல் சூரியன் தன் பொன்னிறக் கைகளை'

போதும். சூரியனுக்குக் கை வைக்கிறவன் அடுத்து நிலாவுக்குக் கால் வைப்பான்.

இரண்டாவது தொடக்கம்:

'பறித்த பழம் உயிரோடிருக்கிறது. அது மூச்சு விடுகிறது, வியர்க்கிறது, கிழடாகிறது. மனித குலம் தன் வரலாறு முழுவதும் இந்த மூப்பைத் தள்ளிப்போட'

இது உண்மை. ஆனால் மனித குலம் என்று தொடங்கினால் முடிக்க ஓய்வூதியம் வேண்டும். இதையும் விட்டேன்.

மூன்றாவதாக ஒரு பீப்பாய் கிடைத்தது. நீல நிறம். பீப்பாயோடு தொடங்கினால் கதை உருளும் என்று நினைத்தேன். (இந்த வரியை வெட்ட வேண்டும்.)

3

அந்தப் பீப்பாயில் இருந்தது பூஞ்சைக்கொல்லி. இருபது வருடம் அண்ணனின் கிடங்கில் பேரிக்காய்கள் அதில் முங்கி எழுந்துதான் ஊருக்குப் போயின. பஸ் நிறுத்தத்தில் இறங்கி யாரிடமும் வழி கேட்காமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தால் கிடங்குக்கு வந்துவிடலாம், அப்படி நாறும். கழுவிய தண்ணீர் பின்பக்கச் சாக்கடையில் போகும். அந்தச் சாக்கடையில் கொசு கிடையாது. அதை அண்ணன் தன் சாதனைகளில் ஒன்றாகச் சொல்வார்.

பெட்டி அடுக்கும் பெண்களுக்கு விரல் நுனி உரிந்தது. ரேகை தேய்ந்து, வங்கியில் கட்டைவிரலை வைத்தால் இயந்திரம் ஆளை ஏற்க மறுத்தது. "நானே நான் இல்லேன்னு சொல்லுது" என்று சந்தேகம் வந்து சொன்னபோது அண்ணன் கையுறை வாங்கிக் கொடுத்தார். கையுறையும் உரிந்தது.

வெளியே ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த தங்கை, அந்த வேலையை விட்டுவிட்டு ஒரு பொடியோடு வந்தாள்.

"பழம் எப்படிண்ணா பழுக்குது?"

"வச்சா பழுக்குது."

"ஒரு வாயு விடும்ணா. எத்திலீன்னு பேரு."

"எல்லாரும்தான் விடறாங்க."

"கேளேன். ஒரு காய் விட்டா பக்கத்துக் காய்க்குச் சேதி போயிடும். அதுவும் பழுக்கும், அதுவும் விடும். அப்படியே அறை பூரா பரவும்."

"நம்ம ரேடியோ மாதிரி."

"ஆமா. இந்தப் பொடியைத் தண்ணில போட்டா வேற ஒரு வாயு வரும். அது காயோட காதைப் போய்ப் பொத்திக்கும். சேதி வரும், ஆனா கேக்காது. கேக்கலைன்னா பழுக்காது. பழுக்கலைன்னா அழுகலும் சீக்கிரம் வராது."

"அப்புறம் எப்பதான் பழுக்கும்? கல்லு மாதிரியே கிடந்தா வாங்கினவன் என் தலையிலதான் போடுவான்."

"காய்க்குப் புதுக் காது முளைச்சுக்கும்ணா. கடைக்குப் போய் அடுக்கி வைக்கிற நேரத்துக்கு முளைக்கும்."

"மனுஷனுக்கு?"

"மனுஷனுக்கு அந்தக் காதே கிடையாது. ஒண்ணும் செய்யாது."*

பூஞ்சைக்கு என்ன செய்வது என்று அவர் கேட்டார். சமையல் சோடா கரைத்த தண்ணீரில் ஒரு முங்கு போதும் என்றாள். அண்ணன் வெகுநேரம் சிரித்தார். சிரித்து முடித்ததும், அவள் முகத்தைப் பார்த்தோ, சாக்கடை பற்றி வந்த புகார்களை நினைத்தோ, சரி என்றார். தங்கை தன் கையாலேயே பீப்பாயை உருட்டிக்கொண்டு போய், கழிவு மருந்து எடுக்கிறவர்களின் வண்டியில் ஏற்றினாள்.

அண்ணிக்கு இது பிடிக்கவில்லை. கண்ணாடி அறையைவிட்டு வெளியே வராமலே சொன்னாள்: "ஒரே ஒரு லாரி. உங்க பொடி போட்ட சரக்கு இந்த வாரம் ஒழுங்கா ஏறிப் போகட்டும், நான் வாயைத் திறக்கல. லாரி காலியா திரும்பிச்சு, மறுநாள் பீப்பாய் உள்ள வரும். கெமிஸ்ட்டு வெளிய போகலாம்."

ஆக, பணயம் இது: பீப்பாய் உள்ளே, தங்கை வெளியே. அல்லது தங்கை உள்ளே, பீப்பாய் வெளியே. வேறு எதையும் நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

* அந்தப் பொடியின் வேதிப்பெயரை ஒரு வரைவில் முழுதாக எழுதிப் பார்த்தேன். படித்து முடிப்பதற்குள் பேரிக்காய் மட்டுமல்ல, வாசகரும் பழுத்துவிடுவார். எடுத்துவிட்டேன்.

4

பொடிக்கு ஒரே ஒரு குறை. அதற்கு வாசம் இல்லை. நிறம் இல்லை, புகை இல்லை, சத்தம் இல்லை. வாளித் தண்ணீரில் போட்டுக் கதவைச் சாத்தினால், உள்ளே என்ன நடக்கிறது என்பதற்குச் சாட்சியே கிடையாது.

மொத்த வியாபாரி ஒருவர் வந்தார். அறையை மோந்தார். "மருந்து அடிச்ச மாதிரியே இல்லையே முதலாளி" என்றார். "அடிச்சாச்சு" என்றார் அண்ணன். "அப்படியா" என்றார் வியாபாரி. அந்த 'அப்படியா' இரண்டு நாள் அண்ணனின் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது.

மருந்துன்னா நாறணும். நாறாத மருந்தை எவன் நம்புவான்?

இப்போது ஒன்றைச் சொல்ல வேண்டும். பீப்பாயைத் தங்கை உருட்டிப் போவதற்கு முன்னால், அண்ணன் அதிலிருந்து ஒரு பாட்டில் எடுத்து ஒளித்து வைத்திருந்தார். எதற்கு என்று கேட்டால் அவருக்கே தெரியாது. இருபது வருடப் பழக்கத்தை ஒரே நாளில் வண்டி ஏற்றி அனுப்ப மனம் வரவில்லை. சிலர் பழைய செருப்பை வைத்திருப்பதில்லையா?

(முதல் வரைவில் இந்தப் பாட்டிலை அண்ணியிடம் கொடுத்திருந்தேன். கதைக்கு ஒரு வில்லி இருந்தால் வேலை சுலபம். கொடுத்துப் பார்த்தபோது அவள் வாங்கவில்லை. கெடுக்க வேண்டும் என்று அவள் முடிவெடுத்தால் லாரியையே வரவிடாமல் செய்துவிடுவாள், ஒரு போன் போதும். மூடியால் அளந்து ஊற்றும் ஆள் அவளில்லை. ஊற்றுகிறவர் அன்பானவராக இருக்க வேண்டும். அன்பானவர்கள்தான் இப்படிப்பட்ட காரியம் செய்வார்கள்.)

வேலை முறை இப்படி: தங்கை பொடியை எடைபோட்டுப் பொட்டலம் கட்டிக் கொடுப்பாள். அண்ணன் வாளியோடு தனியாக அறைக்குள் போய், பொட்டலத்தைத் தண்ணீரில் போட்டுவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்துவார். கடைசிக் கை முதலாளியுடையதாக இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். தங்கை விட்டுக்கொடுத்தாள்.

அன்று மாலை அவர் உள்ளே போனார். பொட்டலத்தைப் போட்டார். கடைசி மூலையில் பெட்டி அடுக்குக்குப் பின்னாலிருந்து பாட்டிலை எடுத்து, ஒரு மூடி அளவு வாளியில் விட்டார். மோந்து பார்த்தார். நெஞ்சு நிறைந்தது. தங்கச்சி மருந்தை இனி எவனும் 'அப்படியா' என்று கேட்க முடியாது. அவசரத்தில் பாட்டிலை அரைகுறையாக மூடி, மறுபடி பெட்டிகளுக்குப் பின்னால் செருகிவிட்டு வெளியே வந்தார்.

பாட்டில் சாய்ந்தது. அது அவருக்குத் தெரியாது. அடித்தட்டுப் பெட்டிகளுக்குக் கீழே, யார் கையும் எட்டாத இடத்தில், இருபது வருடப் பழக்கம் நிதானமாக ஒழுகிப் பரவியது.

5

காலையில் தங்கை அங்கே இருக்கக் கூடாது. அவளை எங்காவது அனுப்ப வேண்டும். பல் மருத்துவரிடம் அனுப்பினேன். ஆனால் பல் பிடுங்கிக்கொண்டு வந்தவளால் வாயைத் திறந்து சண்டை போட முடியாது, எனக்குச் சண்டை வேண்டும். அதனால் லேபிள் வாங்கி வர அச்சகத்துக்கு அனுப்புகிறேன். அச்சகங்கள் சொன்ன நேரத்துக்கு எதையும் தருவதில்லை, ஆகவே நம்பும்படி இருக்கும்.

லாரி வந்து நின்றது. சந்தேகம் அறைக் கதவைத் திறந்தாள். ஓர் அடி வைத்தாள். அதே வேகத்தில் பின்வாங்கி, மாராப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய நின்றாள்.

"என்னக்கா?" என்றாள் ரேடியோ.

"பீப்பாய்."

"பீப்பாய் போயிடுச்சேக்கா?"

"நீயே போய் மோந்து பாரு."

ரேடியோ போனாள், இருமிக்கொண்டே வந்தாள், இருமலுக்கு நடுவிலேயே ஒலிபரப்பைத் தொடங்கினாள். "அதே சரக்குடி! பாக்கெட்டுதான் புதுசு! காதைப் பொத்தும், மூக்கைப் பொத்தும்னு கதை விட்டுட்டு, அதே பீப்பாயைக் காய வச்சுப் பொடியாக்கிக் கொண்டாந்திருக்கு!"

கால் மணி நேரம்கூடத் தேவைப்படவில்லை. பெண்கள் எல்லோரும் வெளியே வந்து, கவிழ்த்த பெட்டிகளின் மேல் உட்கார்ந்துவிட்டார்கள்.

அண்ணன் ஓடி வந்தார். வாசலிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. ஒரு மூடிக்கு இவ்வளவு நாற்றம் கிடையாது. முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய் வாளியைச் சாக்கடையில் கவிழ்த்தார், பாட்டிலை எடுத்து இடுப்பில் செருகினார், எட்டியவரை தரையைத் துடைத்தார், எக்ஸாஸ்ட் ஃபேனை முழு வேகத்தில் போட்டார். எட்டாத இடம் எட்டாத இடமாகவே இருந்தது. அதற்கு எல்லாப் பெட்டிகளையும் நகர்த்த வேண்டும். நகர்த்த வேண்டியவர்கள் வெளியே உட்கார்ந்திருந்தார்கள்.

ஃபேன் ஓட ஓட அறை தெளிந்தது. அண்ணன் மோந்து பார்த்தார். ஒன்றுமில்லை. அப்பாடா என்றார்.

(இந்த இடத்தில் ஓர் உவமை எழுதியிருந்தேன். 'குடும்பங்களும் ஃபேன் ஓடுகிறவரை நாறாமல்' என்று தொடங்கும். நானே மூக்கைப் பொத்திக்கொண்டு அடித்துவிட்டேன்.)

6

தங்கை லேபிள் கட்டோடு வந்தாள். பெட்டிமேல் உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்தாள், காலி லாரியைப் பார்த்தாள், கண்ணாடி அறைக்குள் நின்ற அண்ணியைப் பார்த்தாள். அண்ணி போனைக் காதில் வைத்துக்கொண்டே கையை விரித்துக் காட்டினாள்.

"என்ன ஆச்சு?"

ஒரே நேரத்தில் எல்லோரும் சொன்னார்கள். தங்கை அறைக் கதவைத் திறந்தாள். வாசலில் நின்று ஆழமாக மூச்சிழுத்தாள். மறுபடி இழுத்தாள்.

"ஒரு வாசமும் இல்லையே?"

"இப்ப இல்ல. காத்தாலே இருந்துது" என்றாள் சந்தேகம்.

"இந்த மருந்துக்கு வாசமே கிடையாதுக்கா. இருக்கவே முடியாது."

"அப்ப நாங்க என்ன, பொய் சொல்றோமா?"

தங்கை அங்கே நிறுத்தியிருக்கலாம். நானும் அவள் வாயை மூடப் பார்த்தேன். ஆனால் காலையிலிருந்து அச்சகத்தில் நின்று கால் வலிக்கிறது, வேலையை விட்டு வந்தவள், கண்ணாடிக்குப் பின்னால் அண்ணி பார்த்துக்கொண்டிருக்கிறாள். சொல்லிவிட்டாள்:

"வேலை செய்ய இஷ்டமில்லேன்னா அதைச் சொல்லுங்க. மருந்து மேல எதுக்குப் பழி?"

ரேடியோகூட ஒலிபரப்பை நிறுத்தினாள்.

சந்தேகம் எழுந்து வந்தாள். வலது கையை விரித்துத் தங்கையின் முகத்துக்கு நேரே நீட்டினாள். நுனிகளில் தோல் இன்னும் முழுசாக வளரவில்லை. "பாப்பா, இருபது வருஷம் அந்த எழவுத் தண்ணில முங்கின கை இது. அது எங்க இருந்தாலும் எனக்குத் தெரியும். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். உனக்குப் புஸ்தகத்துல வாசம் இல்லேன்னு போட்டிருக்கு. இந்தக் கையிலே போட்டிருக்கு, இருக்குன்னு."

(கவனிக்கவும்: இங்கே இரண்டு பேர் சொல்வதும் நிஜம். பொடி நாறாது. அறை நாறியது. இரண்டையும் சேர்த்துத் தைக்கிற ஊசி ஒருவரின் இடுப்பில், வேட்டி மடிப்பில், பாட்டில் வடிவத்தில் இருக்கிறது. அவர் இப்போது வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.)

7

"சரி" என்றாள் தங்கை. "என்ன செஞ்சா நம்புவீங்க?"

"ஒண்ணும் செய்யாதுன்னுதானே சொல்றே?"

"ஒண்ணும் செய்யாது."

"அப்ப உள்ள உக்காரு."

"உக்காரறேன்."

"புது பாக்கெட்டு போடணும்."

"போடறேன்."

"கதவைப் பூட்டணும். திறந்து வச்சுட்டு உக்காரறதுக்கு என் வீட்டு ஆடு போதும். நாங்க சோறு தின்னு கை கழுவற வரைக்கும் உள்ள இருக்கணும். நான் கதவுல காதை வச்சுக் கேப்பேன். ஒரு இருமல், ஒரே ஒரு இருமல் வந்துதுன்னா, நாங்க இப்படியே வீட்டுக்குப் போறோம். வரலைன்னா பெட்டி எல்லாம் லாரில. உன்கிட்ட மன்னிப்பும் கேக்கறேன், எல்லார் முன்னாலயும்."

"இருமலே வராதுக்கா."

"பாப்போம்."

லாரிக்காரர் நிழலைவிட்டு எழுந்து வந்தார். கதையில் முதன்முறையாக ஏதோ நடக்கப் போகிறது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அண்ணன் வானத்தைவிட்டுக் கண்ணை இறக்கினார். "என்ன சின்னப் பிள்ளைங்க மாதிரி. அதெல்லாம் வேணாம்."

"ஏன் முதலாளி?" என்றாள் சந்தேகம். அந்த 'ஏன்' பழுக்காத பேரிக்காயைவிடக் கடினமாக இருந்தது.

"இல்ல... ஃபேன் வேணா ஓடட்டும். காத்தோட்டமா இருக்கும்."

"ஃபேன் ஓடினா வாயு வெளிய போயிடும்ணா" என்றாள் தங்கை. "அப்புறம் ஏமாத்திட்டோம்னு சொல்வாங்க. நிறுத்தித்தான் ஆகணும்."

"பக்கத்து அறையில உக்காந்தா என்ன?"

"அங்க பேரிக்காய் இல்லையே முதலாளி" என்றாள் ரேடியோ.

8

இனி மூன்று முடிவுகள். மூன்றையும் எழுதிப் பார்த்தேன். நேர்மையாகத்தான்.

அ. அண்ணன் உண்மையைச் சொல்கிறார். அதற்கு வேண்டிய வாக்கியத்தை நானே செதுக்கிக் கொடுத்தேன்: "நான்தாம்மா ஊத்தினேன், உன் மருந்தை எல்லாரும் மதிக்கணும்னு." குட்டி வாக்கியம், ஒரு மூச்சில் சொல்லலாம். கொண்டு போய் அவர் நாக்கில் வைத்தேன். விழுங்கிவிட்டார். மறுபடி வைத்தேன். அவர் சந்தேகத்தைப் பார்த்தார், அவளுடைய விரல்களைப் பார்த்தார், கண்ணாடியில் அண்ணியின் முகத்தைப் பார்த்தார். பீப்பாயை விட்டேன் என்று ஊரறியச் சொல்லிவிட்டு, விஷத்தைப் பாட்டிலில் பிடித்து வைத்தேன் என்று இவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். மறுபடியும் விழுங்கினார். ஒரு மனிதர் எத்தனை முறைதான் ஒரே வாக்கியத்தை விழுங்குவார்? விட்டுவிட்டேன்.

ஆ. பாட்டில் வேட்டியிலிருந்து நழுவி எல்லோர் முன்னாலும் விழுகிறது. மன்னிக்கவும். பாட்டில்கள் அப்படி எனக்கு உதவி செய்ய விழுவதில்லை. இறுக்கமாகத்தான் செருகியிருக்கிறார்.

இ. தங்கை உள்ளே போகிறாள். ஃபேன் நிற்கிறது. மூலையிலிருந்து பழைய வாசம் எழுந்து வருகிறது. முதல் மூச்சில் அவளுக்கு எல்லாம் புரிகிறது: பெண்கள் சொன்னது நிஜம், தான் அவர்களைப் பொய்க்காரிகள் ஆக்கிவிட்டது, இதைச் செய்தது யார் என்பது. அவள் இருமுகிறாள். பெண்கள் வீட்டுக்குப் போகிறார்கள், லாரி காலியாகத் திரும்புகிறது, பீப்பாய் வருகிறது. நியாயமான முடிவு இதுதான். செய்ததற்கும் கிடைத்ததற்கும் சம்பந்தமே இல்லாததால் வாழ்க்கை மாதிரியும் இருக்கும். இதைத்தான் எழுதுவதாக இருந்தேன். பேனாவை வைத்து

"நீ வேணாம். நான் உக்காரறேன்."

இந்த வரியை நான் எழுதவில்லை. அண்ணன் சொன்னார்.

9

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும்தான்.

"நீங்களா?" என்றாள் சந்தேகம்.

"முதலாளி நானா அவளா? என் அறை, என் காய். ஒண்ணும் செய்யாதுன்னா எனக்கும்தான் செய்யாது."

கண்ணாடி அறைக் கதவு திறந்தது. அண்ணி வெளியே வந்தாள். "உங்களுக்கு என்ன தலையெழுத்தா? ஏற்கெனவே ராத்திரி பூரா தொண்டையைக் கனைக்கிற ஆளு. போய் உக்காந்து, ரெண்டு செருமு செருமினா அதுவும் மருந்து கணக்குலதான் சேரும்."

"செரும மாட்டேன்."

"எப்படி?"

"மாட்டேன்னா மாட்டேன்."

தங்கை புது வாளியில் தண்ணீர் பிடித்தாள். பொட்டலத்தைத் தானே உள்ளே கொண்டு போய்ப் போட்டாள். (வாளியோடு உள்ளே போனவளுக்கு வாசம் தெரியவில்லையா என்று கேட்பீர்கள். ஃபேன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மூலையில் கிடப்பது ஃபேன் ஓடும்வரை கதவுப் பக்கம் வராது. நான் சோதித்துப் பார்க்கவில்லை, ஆனால் எனக்கு அது தேவைப்படுகிறது.) வெளியே வந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அண்ணனின் எதிரே நின்றாள்.

அவர் வேட்டியை இறுக்கிக் கட்டினார். துண்டை உதறித் தோளில் போட்டார். அதைச் சந்தேகம் பிடுங்கி வைத்துக்கொண்டாள். "வாயைப் பொத்திக்கறதுக்கா முதலாளி? அதெல்லாம் கிடையாது."

"வியர்வை துடைக்க."

"குளிர் அறையில ஏது வியர்வை?"

லாரிக்காரர் சிரித்துவிட்டார். அண்ணனும் சிரிக்கப் பார்த்தார். அந்தச் சிரிப்பு பாதியில் பச்சையாகவே நின்றுவிட்டது.

தங்கை அவர் கையைப் பிடித்தாள். சின்ன வயதிலிருந்து பிடித்திராத கை. அதனால் இருவருக்கும் கூச்சமாக இருந்தது. "அண்ணா" என்றாள். "சிரிச்சியே அன்னிக்கு, சோடான்னதும். நீ இதைக் கடைசி வரைக்கும் நம்பவே மாட்டேன்னு நெனச்சேன்."

அண்ணன் வாயைத் திறந்தார். இப்போது சொல்லலாம். இப்போது அந்தக் குட்டி வாக்கியம் போதும், நான் அதை இன்னும் அவர் நாக்குக்குப் பக்கத்திலேயேதான் வைத்திருக்கிறேன். அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"போய் ஸ்விட்சை அணை" என்றார்.

உள்ளே போனார். காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, மூலையைவிட்டு முடிந்தவரை தள்ளி, வாசலைப் பார்க்க உட்கார்ந்தார். முழங்கால்மேல் கைகள். உதடுகள் சேர்ந்து இறுகியிருந்தன. தண்ணீரில் முங்கப் போகிறவரைப்போல ஒரு மூச்சை இழுத்து நிறுத்தினார்.

செத்துப்போக மாட்டார். அதை மட்டும் சொல்லிவிடுகிறேன், அந்த அளவுக்கு அங்கே சிந்தவில்லை. ஆனால் கண் எரியும், தொண்டை அறுக்கும். இருபது வருடம் மற்றவர்கள் விரலில் இருந்தது இப்போது அவர் நெஞ்சுக்குள் போகும். சோறு தின்ன எவ்வளவு நேரம் ஆகும், கை கழுவ எவ்வளவு நேரம் ஆகும் என்பது பெண்களின் பசியைப் பொறுத்தது. அவர் இருமினால் தங்கை போகிறாள், பீப்பாய் வருகிறது. இருமாமல் இருந்தால் லாரி நிறைகிறது, ஒரு நேர்மையான பெண் தான் சொல்லாத பொய்க்கு எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறாள். இரண்டில் எது நல்ல முடிவு என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் எழுதியிருப்பேன். கதவுக்கு வெளியே இடம் இருக்கிறது. சந்தேகத்துக்குப் பக்கத்தில் நீங்களும் காதை வைத்துக் கேளுங்கள். நான் கேட்கப்போவதில்லை.

தங்கை ஸ்விட்சை அணைத்தாள். ஃபேன் சுற்றிச் சுற்றி வேகம் குறைந்து நின்றது. அவள் உள்ளே ஒருமுறை பார்த்து, பெருமையாகத் தலையசைத்துவிட்டு, கதவை இழுத்துச் சாத்தினாள். ரப்பர் விளிம்பு அழுந்திப் பொருந்தியது. சாவியைப் போட்டு ஒரு சுற்று சுற்றினாள். பூட்டிக்கொண்டதா என்று இழுத்துப் பார்த்தாள். பூட்டியிருந்தது.